கேட் மூடியாயிற்று

முப்பத்தேழு ஏற்கெனவே அடிக்கப்பட்டிருந்தது.

மெஹ்னாஸ் ஒரு கையில் போனும் மறு கையில் பேனாவுமாக அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பதினெட்டு வரை அவள் அடித்தது. மதியம் இரண்டு மணிக்கு வேலைக்கு வந்ததிலிருந்து எந்த வண்டிக்கு எந்த எண்ணைக் கொடுத்தாள் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். பதினெட்டுக்கு அடுத்தது முப்பத்தேழு. அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். ஆனால் அதன் மேல் நீல மையில் ஒரு கோடு நேராக, நிதானமாக விழுந்திருந்தது. பக்கத்தில் எழுத வேண்டிய நேரம் மட்டும் இல்லை.

"இன்னாமா, மூடியாச்சா? நம்பர் சொல்லு" என்றார் மறுமுனையில் ஸ்டேஷன் மாஸ்டர் அசோக்குமார்.

"மூடியாச்சு சார். அஞ்சு ஒண்ணு. ஐம்பத்தொண்ணு."

"ஐம்பத்தொண்ணு. சரி."

போனை வைத்துவிட்டு ஐம்பத்தொன்றை அடித்து நேரம் எழுதினாள். 5.20. கை தவறி இரண்டு எண்ணைச் சேர்த்து அடித்திருப்போம் என்று சொல்லிக்கொண்டாள். ஆறு வருஷ வேலையில் ஒரு தடவைகூட அப்படி நடந்ததில்லை என்பதை மட்டும் சொல்லிக்கொள்ளவில்லை.

இந்த எண் சமாசாரம் வெளியாட்களுக்குத் தெரியாது. வண்டி வரப்போகிறது என்றால் ஸ்டேஷனிலிருந்து போன் வரும். கேட்காரி வெளியே போய்க் கேட்டை இறக்கிப் பூட்டிவிட்டு வந்து, தன்னிடம் மட்டுமே இருக்கிற, எண்களை முன்பின்னாக அச்சடித்த தாளில் அடுத்த எண் எதுவோ அதைப் படிக்க வேண்டும். அவர் அங்கே எழுதிக்கொள்வார், இவள் இங்கே அடிப்பாள். அந்த எண்தான் சத்தியம். அது கிடைத்த பிறகுதான் வண்டிக்குப் பச்சை விழும். கேட் நிஜமாகவே மூடியிருக்கிறதா என்று பார்க்கச் சிக்னலுக்குக் கண் கிடையாது. கேட்காரியின் வாயை நம்பித்தான் ஆயிரம் பேர் உட்கார்ந்த வண்டி வருகிறது.

இன்னும் ஒன்பது நாள் அப்படி. பிறகு புதுக் கேட். கேட் இறங்கிப் பூட்டினால்தான் சிக்னலே விழும், யார் வாயும் தேவையில்லை. இருவழிச் சாலை நாலு வழியாகிறது. கே.ஜி.கண்டிகைப் பக்கம் போகிற சாலையில் இரண்டு ஓரமும் நின்ற புளிய மரங்களை அடியோடு வெட்டிப் போட்டிருந்தார்கள். புதுக் கம்பங்கள் நீலப் பிளாஸ்டிக் உறை போர்த்தி நின்றன. சிமெண்ட் வாடை போகாத புது அறை ஒன்று முப்பதடி தள்ளிக் கதவில்லாமல் இருந்தது. மெஹ்னாஸ் உட்கார்ந்திருக்கும் பழைய அறையின் சுவரில் இடிப்பதற்காக வெள்ளைச் சுண்ணாம்பில் பெருக்கல் குறி போட்டிருந்தார்கள். தினமும் அந்தக் குறியைத் தாண்டித்தான் உள்ளே வருகிறாள். நமக்கே போட்டது போல இருக்கிறது என்று முதல் நாள் நினைத்துச் சிரித்தாள். அப்புறம் சிரிப்பு வரவில்லை.

பஸ், லாரி எல்லாவற்றையும் வேறு வழியில் திருப்பிவிட்டிருந்தார்கள். எப்போதாவது ஒரு பைக் வரும். அவ்வளவு அகலமான சாலை, அதில் ஒரு ஆள் இல்லை. முன்பெல்லாம் கேட் மூடினால் இரண்டு பக்கமும் ஆட்டோவும் டிராக்டருமாக நின்று, ஹாரன் அடித்து, கேட்காரியின் ஏழு தலைமுறையையும் திட்டுவார்கள். அந்தத் திட்டுக்குக்கூட ஏங்குவோம் என்று அவள் நினைத்ததில்லை.

ஐப்பசி மழை விட்டு விட்டுத் தூறிக்கொண்டிருந்தது. வெட்டிய புளிய மரத்தின் பச்சை வாடை, ஈரத் தார், தண்டவாளத்து ஜல்லியின் துரு நாற்றம், எல்லாம் கலந்து அறைக்குள் வந்தது. மலை மேல் கோயில் விளக்குகள் மேகத்துக்குள் போய்விட்டிருந்தன. அந்த விளக்கு வரிசை தெரிந்தால் யாரோ துணைக்கு இருப்பது மாதிரி இருக்கும். இன்றைக்கு அதுவும் இல்லை.

கான்ட்ராக்டரின் வாட்ச்மேன் சிங்காரம் குடையோடு வந்து ஜன்னலில் எட்டிப் பார்த்தார். "போன் பேசி முடிச்சிட்டியாமா?"

"நான் எங்க பேசினேன்? கேட்டைத் தூக்கிட்டு இப்பதான் உள்ள வரேன்."

"சரி சரி. ஒண்டியா உக்காந்துகினு இருக்க, நாலு வார்த்தை சிரிச்சிப் பேசினா தப்பா? நான் கிளம்புறேன். மழைல எவன் வந்து சிமெண்ட்டைத் திருடப் போறான்." சொல்லிவிட்டு அவர் நடந்தார். குடை சின்னதாகி, மழைக்குள் போய், இல்லாமலானது.

சிரித்துப் பேசினேனா? யாரோடு?

பைக் எதுவும் வரவில்லை. கேட் திறந்தே இருந்தது. அவள் ஸ்டூலை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டு, ஃபிளாஸ்கிலிருந்த ஆறிப்போன டீயை ஊற்றினாள். இரண்டாவது வாய் குடிக்கும்போது சத்தம் கேட்டது.

ஹாரன். நீளமாக. பக்கத்தில்.

போன் வரவில்லை. யாரும் எண் கேட்கவில்லை. டம்ளர் கீழே விழுந்து உருள, அவள் வெளியே பாய்ந்து, கேட்டை ஏற்றி இறக்கும் வின்ச்சின் கைப்பிடியைப் பிடித்துச் சுற்றினாள். தோள் கழன்றுவிடும் போல இருந்தது. இரண்டு பக்கக் கம்பங்களும் ஆடி ஆடி இறங்கின. பாதி இறங்கும்போதே திருப்பதிப் பக்கம் போகிற வண்டி அவள் முகத்தில் காற்றை அறைந்துகொண்டு போனது. வெளிச்சமான ஜன்னல்கள், ஜன்னல்களில் தலைகள், ஒரு குழந்தையின் கை. சாலையில் யாரும் இல்லை. அல்லா காப்பாற்றினான், யாரும் இல்லை.

உள்ளே ஓடி வந்து போனை எடுத்தாள். "சார், எனக்குச் சொல்லாம வண்டி விட்டுட்டீங்களே! கேட் திறந்து கிடந்துச்சு சார்!"

"இன்னா சொல்ற? நீதான நம்பர் குடுத்த. எம்பத்திரெண்டு. அஞ்சு ஐம்பத்திரெண்டுக்கு எழுதியிருக்கேன்."

"நான் குடுக்கல சார்."

"மெஹ்னாஸ், போன்ல பேசினது எல்லாம் ரெக்கார்டு ஆகுது, தெரியுமில்ல? உன் குரல் எனக்குத் தெரியாதா? இன்னொண்ணு. செல்லுல யார்கிட்டயோ சிரிச்சிப் பேசிகினே நம்பர் குடுக்காத. டியூட்டி டைம்ல அது வேணாம். நான் இதை யார்கிட்டயும் சொல்லல."

தாளைப் பார்த்தாள். எண்பத்திரண்டு அடிக்கப்பட்டிருந்தது. 5.52. ஐந்தின் தலைக்கோட்டை அவள் தனியாக, கொஞ்சம் தள்ளித்தான் போடுவாள். இங்கேயும் அது தள்ளியே இருந்தது.

"சார்..." என்றாள்.

"என்னமா?"

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். ஏழு மாதமாகத் தொண்டையில் நிற்பதை, கேட்பதற்கு ஒரு மனுஷன் இருக்கும்போது, அந்தக் கம்பி வழியாகவே சொல்லியிருக்கலாம்.

"ஒண்ணுமில்ல சார். ரிலீவர் யாராவது வருவாங்களா? உடம்பு சரியில்ல."

"பத்து மணி வரிக்கும் யாரும் இல்லமா. முடியலன்னா கேட்டை மூடியே வச்சிக்கோ. ரோட்ல எவன் போறான்."

போன் வைக்கப்பட்டது.

ஏழு மாதத்துக்கு முன்பு, பங்குனி மாதத்துச் சாயங்காலம். கேட்டின் இரண்டு பக்கமும் நல்ல கூட்டம். போன் வந்தது. அவள் எண்ணைக் கொடுத்தாள். கேட்டை மூடவில்லை. எல்லாக் கேட்காரர்களும் செய்வதுதான். எண்ணை முதலில் கொடுத்துவிட்டு, வண்டி வர இன்னும் நேரம் இருக்கிறதே என்று ஜனங்களைக் கொஞ்சம் போகவிட்டு, ஹாரன் கேட்டதும் மூடுவார்கள். மூடி வைத்துக்கொண்டு திட்டு வாங்குவதற்கு இது மேல் என்று நினைப்பார்கள். கூட்டம் கரைந்தது. அப்போது ஷோயப் செல்லில் கூப்பிட்டான். திருத்தணி பஸ் ஸ்டாண்டு பக்கம் மெக்கானிக் கடை வைத்திருக்கிற அவளுடைய கணவன், கடைக்கு வந்த ஒரு ஆள் தன் பைக் என்று நினைத்து வேறொருவர் பைக்கைத் தள்ளிக்கொண்டு போன கதையைச் சொன்னான். அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. ஹாரன் கேட்டது. இதோ எழுகிறேன், இதோ எழுகிறேன் என்று, எழவில்லை.

கண்டிகையிலிருந்து பால் எடுத்து வருகிற துளசிங்கம் மொபெட்டில் இரண்டு பக்கமும் கேன் கட்டிக்கொண்டு திறந்திருந்த கேட்டுக்குள் வந்தார். ஏன் வரமாட்டார்? திறந்திருந்ததே.

அந்தச் சத்தம். அப்புறம் கேன் மூடிகள் ஜல்லியில் உருண்டு போகும் சத்தம்.

அவள் செய்த முதல் காரியம் கேட்டை மூடியதுதான். வண்டி போன பிறகு, பால் சாலையில் வெள்ளையாக ஓடிக்கொண்டிருக்கும்போது, வின்ச்சைச் சுற்றி இரண்டு கம்பத்தையும் இறக்கிப் பூட்டினாள். ஆட்கள் ஓடி வந்தபோது கேட் மூடியிருந்தது. விசாரணைக்கு வந்த ஆபீசர்களும் தாளைப் பார்த்தார்கள். எண் கொடுக்கப்பட்டிருந்தது, நேரம் சரியாக இருந்தது. மூடிய கேட்டுக்கு அடியில் வண்டியைச் சாய்த்துக் குனிந்து வந்த ஆள் என்று எழுதினார்கள். ஊரில் பாதிப் பேர் அப்படித்தானே வருகிறார்கள்.

துளசிங்கத்தின் மனைவி மணியம்மை ஒரு வாரம் கழித்து இந்த அறை வாசலில் வந்து நின்றாள். அழவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள். "அவரு குனிஞ்சாம்மா வந்தாரு? கேட் மூடியிருந்தா இஞ்சினை அணைச்சிட்டு, எறங்கி நின்னுகினு இருப்பாரேம்மா. பால் சிந்தும்னு. முப்பது வருசமா அப்படித்தாம்மா."

"ஆங்மா. நான் கத்தினேன். காதுல விழல" என்று சொல்லி அனுப்பினாள் மெஹ்னாஸ்.

அந்தச் சாவுக்குப் பிறகுதான் மனுக்கள் போயின, அளவெடுத்தார்கள், சாலை அகலமாகிறது, சிக்னலோடு சேர்ந்த கேட் வருகிறது. நல்லதுதானே நடந்தது என்று மனசைத் தேற்றிப் பார்த்தாள். தேறவில்லை. போனில் அன்று அந்தச் சத்தம் ஷோயப்பின் காதிலும் விழுந்திருக்கும். அவன் ஒருநாளும் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. அன்றிலிருந்து வேலை நேரத்தில் இருவரும் போனில் பேசுவதை விட்டுவிட்டார்கள். ஒரே பாயில் படுத்தும் அவரவர் சுவரைப் பார்த்துத் தூங்குகிறார்கள். அவன் தூங்குகிறான். அவள் தூங்குவதில்லை.

ஆறரை மணிக்கு முழு இருட்டு. பாதியில் நின்றிருந்த கேட்டை அவள் முழுதும் இறக்கி மூடினாள். வின்ச்சில் பூட்டைப் போட்டுச் சாவியைக் கையிலேயே வைத்துக்கொண்டாள். இனிமேல் யார் வந்தாலும் திறப்பதில்லை. யார் எண் கொடுத்தாலும் கொடுக்கட்டும், கேட் மூடியிருக்கும். இப்படி முடிவு செய்ததும் கொஞ்சம் மூச்சு வந்தது.

அப்போது அந்தச் சத்தம் வந்தது.

டங். டங். தகரத்தில் தகரம் தட்டும் சத்தம். சாலையின் அந்தப் பக்கம், இருட்டில். புதுக் கம்பத்தின் பிளாஸ்டிக் உறை காற்றில் அடித்துக்கொள்கிறது என்று நினைத்தாள். பிளாஸ்டிக் அப்படிச் சத்தம் போடாது. மூடி சரியாகப் பொருந்தாத பால் கேன் மேடு பள்ளத்தில் வந்தால் போடும்.

நின்றது. மழை மட்டும்.

அவளால் முடியவில்லை. செல்லை எடுத்தாள். ஏழு மாதத்தில் முதல் தடவையாக, வேலை நேரத்தில், ஷோயப்பைக் கூப்பிட்டாள்.

"மெஹ்னாஸ்?" அவன் குரலில் ஆச்சரியம். "என்னாச்சு?"

"வாங்க. சாப்பாடு எட்டரைக்கு வேணாம். இப்பவே வாங்க. எனக்குப் பயமா இருக்கு."

"உனக்கா? ஊரையே மிரட்டுறவளுக்கா?" சிரித்தான். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாள் ஆகிறது! அவளுக்குக் கண் கலங்கியது, அவளும் சிரித்துவிட்டாள். "இருடி, கடையைச் சாத்திட்டு வரேன். பத்து நிமிஷம்."

செல்லைக் கீழே வைத்த பிறகுதான் உறைத்தது. டவுனிலிருந்து வருகிறவன் இந்த அறைக்கு வர வேண்டுமானால் தண்டவாளத்தைத் தாண்டித்தான் வர வேண்டும்.

மறுபடி கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பைக்கில் ஏறிவிட்டான். ஹெல்மெட்டுக்குள் எதுவும் கேட்காது அவனுக்கு.

அறையின் போன் அடித்தது. அசோக்குமார். ரேணிகுண்டா பக்கத்திலிருந்து கூட்ஸ் வருகிறது, அறைக்குப் பக்கத்து லைனில். கேட் மூடியாச்சா?

"மூடியாச்சு சார்" என்றாள். நிஜமாகவே மூடியிருந்தது. வெளியே போய்ப் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு வந்துதான் சொன்னாள். "இருபத்தாறு." இருபத்தாறு அடிக்கப்படாமல், அவளுக்காகக் காத்திருந்தது. அடித்தாள். நேரம் எழுதினாள். பிறகு அறையில் இருக்கப் பிடிக்காமல் வெளியே வந்து வின்ச்சின் பக்கத்தில் மழையில் நின்றாள்.

டவுன் பக்கமிருந்து ஒற்றை விளக்கு வந்தது. அந்த அகலமான, ஆளில்லாத சாலையில் அது வந்து சேரவே வெகு நேரம் பிடித்தது. எதிர்க் கம்பத்தின் முன்னால் நின்றது. ஷோயப். ஹாண்டில் பாரில் தூக்குச்சட்டி. அவள் இரண்டு உள்ளங்கையையும் நீட்டி, நில்லுங்கள் என்று காட்டினாள். அவன் தலையை ஆட்டினான். நின்றான். நல்ல பிள்ளையாக நின்றான்.

கூட்ஸ் வந்துவிட்டது. இருவருக்கும் நடுவில்.

நிலக்கரி வாகன்கள், ஒன்றன்பின் ஒன்றாக, கறுப்பாக, நனைந்து, பூமியை உதறிக்கொண்டு போயின. ஒரு வாகனுக்கும் அடுத்த வாகனுக்கும் நடுவே கையகல இடைவெளி. அந்த இடைவெளியில் ஷோயப்பின் விளக்கு தெரிந்தது, மறைந்தது, தெரிந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். விளக்கு. கறுப்பு. விளக்கு. கறுப்பு. விளக்கு, பக்கத்தில் ஒரு ஆள்.

கறுப்பு.

மொபெட்டை ஸ்டாண்டு போட்டு இறங்கி நிற்கிற ஒரு ஆள். இரண்டு பக்கமும் கேன்.

கறுப்பு.

இஞ்சின் அணைந்திருக்கிறது. கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். ஷோயப் அவர் பக்கம் திரும்பவே இல்லை. அவர் ஷோயப்பை ஒன்றும் செய்யவில்லை. அவளையும் பார்க்கவில்லை. மூடிய கம்பத்தைப் பார்த்தபடி, அது எப்போது தூக்கப்படும் என்று பொறுமையாகக் காத்துக்கொண்டு நிற்கிறார். முப்பது வருஷமாக நிற்கிற மாதிரி.

ஏழு மாதமாக அவள் பயந்தது இந்த மனுஷனுக்குத்தான். இவரோ வெறுமனே நிற்கிறார்.

அப்படியானால் எண் கொடுப்பது யார்?

முதுகுக்குப் பின்னால், அறைக்குள் போன் அடித்தது. இன்னொரு வண்டி. அடுத்த லைனில். ஒரு மணி. இரண்டு மணி. அவள் திரும்பி ஓரடி வைத்தாள். மூன்றாவது மணி பாதியில் நின்றது.

யாரோ எடுத்துவிட்டார்கள்.

ஜன்னலில் மஞ்சள் வெளிச்சம். ஸ்டூலில் ஒரு பெண். ஒரு காதில் அறையின் போன். மறு காதுக்கும் தோளுக்கும் நடுவே செல். அந்தப் பின்னல். அந்தக் கழுத்து. மெஹ்னாஸ் தன் முகத்தைப் பார்த்தாள். கண்ணுக்குக் கீழே கருவளையம் இல்லாத முகம். நன்றாகத் தூங்கி எழுந்த முகம். ஏழு மாதத்துக்கு முந்தைய முகம்.

"மூடியாச்சு சார்" என்றாள் உள்ளே இருந்தவள். "எழுதிக்குங்க. தொண்ணூத்தி நாலு."

போனை வைத்தாள். தாளில் கோடு போட்டாள். செல்லில் விட்ட இடத்திலிருந்து சிரிக்க ஆரம்பித்தாள்.

மெஹ்னாஸ் கதவைத் தள்ளினாள். உள்ளே தாழ்ப்பாள். தோளால் இடித்தாள். கதவு அசையவில்லை. அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் கெட்டு இரண்டு வருஷம் ஆகிறது.

கூட்ஸின் கடைசி வாகன் போனது. அதன் சிவப்பு விளக்கு மழையில் தேய்ந்துகொண்டே போனது. அவள் திரும்பிப் பார்த்தாள்.

இரண்டு கம்பங்களும் மேலே இருந்தன. நெட்டுக்குத்தலாக. இறக்கவே படாதவை போல.

வின்ச்சில் பூட்டு பூட்டியபடியே தொங்கியது. சாவி அவள் கையில். துவாரத்தில் நுழைத்துத் திருப்பினாள். திரும்பவில்லை. மறுபடி. திரும்பவில்லை. எதிர்ப்பக்கம் ஷோயப் பைக்கை உதைத்துக் கிளப்பினான். அவனுக்குப் பக்கத்தில் இன்னொரு இஞ்சினும் இருமி இருமிக் கிளம்பியது.

அரக்கோணம் பக்கம், அடுத்த லைனில், ஒரு வெளிச்சம். தண்டவாளம் பளபளத்தது.

"வராதீங்க!" சாவியை எறிந்துவிட்டுக் கையிரண்டையும் தூக்கி ஆட்டிக்கொண்டு சாலையில் ஓடினாள். "வராதீங்க! வண்டி! வண்டி வருது!" கூட்ஸின் இரைச்சல் இன்னும் அடங்கவில்லை. ஷோயப் பார்த்தான். பயமாக இருக்கிறது, வாங்க என்று கூப்பிட்ட மனைவி கையை ஆட்டிக்கொண்டு ஓடி வருவதைப் பார்த்தான். இதோ வந்துவிட்டேன் என்று ஒரு கையைத் தூக்கிக் காட்டினான். வேகத்தைக் கூட்டினான்.

ஹாரன்.

ஓடிப் போய்ச் சேர முடியாது. தெரிந்துவிட்டது. கேட் ஒன்றுதான். கேட்டை இறக்கக்கூடியவள் ஒருத்திதான். அவள் திரும்பி ஓடி ஜன்னலில் விழுந்தாள். கண்ணாடியை இரண்டு கையாலும் அடித்தாள்.

"மூடு! எழுந்திருடி! கேட்டை மூடு!"

கண்ணாடி அதிர்ந்தது. அறையின் வெளிச்சம் அதிர்ந்தது. பின்னால் பைக்கின் விளக்கு தண்டவாளத்தில் ஏறி இறங்கி, அவள் நிழலைச் சுவரில் தூக்கிப் போட்டது. டங் என்றது ஒரு கேன்.

உள்ளே இருந்தவள் சிரித்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை. ஜன்னல் பக்கம் ஒரே ஒரு விரலை மட்டும் தூக்கிக் காட்டினாள். இரு, இதோ வருகிறேன்.